பனிக்குள் கூப்பிட்ட பேர்

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏனுங்க’ என்றால் திரும்பிப் பார்ப்பார். எங்கள் சேலத்தில் அப்படிக் கூப்பிட்டால் தெருவில் போகிற பாதி ஆண்கள் திரும்புவார்கள் என்பது வேறு விஷயம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் பேரைக் கேட்டால் ஃபைலை நீட்டுவேன். இந்தக் காலத்தில் இப்படியா என்று அந்தப் பெண் சிரிக்கும். சிரிக்கட்டும், வாய் வராவிட்டால் நான் என்ன செய்ய?

அவருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. இருட்டிய பிறகு வாசலில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை வாயே திறக்கமாட்டார். பேய் ஒரு தடவைதான் கூப்பிடுமாம். மனுஷர் என்றால் மறுபடி கூப்பிடுவார்களாம். பால்காரரைக்கூடத் தொண்டை வற்றக் கத்தவிட்டிருக்கிறார். படித்த மனுஷன் செய்கிற வேலையா இது என்று நான் கேலி செய்யாத நாளில்லை.

சர்க்கரை வியாதி முதலில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. பிறகு சிறுநீரகம் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீரை நான் அளந்து கொடுப்பேன், அவர் டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். ஒரு வருஷம் அப்படிப் போனது. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் சொன்னார்.

“புள்ள, இனி மிசினுக்கு நான் வரமாட்டேன். நாளைக்கு ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மேலேருந்து நம்ம ஊரை ஒருக்காப் பாத்துட்டு வந்து ஊட்டுல கெடக்கறேன்.”

டயாலிசிஸை நிறுத்தினால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இவருக்கும் அது தெரியும். நான் அழுதேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் படுத்தேன். மசியவில்லை. சரி, மலைக்காற்று பட்டால் மனசு மாறாதா என்று ஒரு நப்பாசை. வாடகைக் காரில் சக்கர நாற்காலியை மடித்துப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். எனக்கு வந்த கோபத்தில் வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் இருக்காது என்று டிரைவர் குப்பனூர் வழியாக ஏறினார். பாதி மலையிலேயே பனி இறங்கிவிட்டது. காலை பத்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம். காப்பி எஸ்டேட்டின் வேலி மட்டும் ஓரமாக வந்துகொண்டிருந்தது. எதிரே ஹாரன் அடிப்பது கேட்கும், வண்டி வராது. “வருமுங்க, வருமுங்க” என்று டிரைவர் ஓரங்கட்டிக் காத்திருப்பார். ஒரு வளைவில் வெகுநேரம் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. அவர் சாமியை வேண்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

சேலம் முழுக்கத் தெரிகிற அந்த மேட்டில் இறங்கியபோது எதுவும் தெரியவில்லை. பள்ளத்தாக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர். “நல்லா பாத்துக்குங்க உங்க ஊரை” என்றேன், கடுப்பில். காற்று சில்லென்று அடித்தது. மரத்தடியில் நாற்காலியை நிறுத்தி, பிரேக்கை அழுத்திவிட்டு, சால்வை எடுக்கக் காருக்குப் போனேன். பத்து இருபது அடிதான் இருக்கும்.

திரும்பி வந்தால் மரம் இருக்கிறது, நாற்காலி இல்லை.

“ஏனுங்க” என்று கூப்பிட்டேன்.

“இங்கதான் இருக்கறேன், வா” என்றது ஓர் ஆண் குரல். சாவகாசமான குரல். இவர் சாப்பிட்டு முடித்துத் திண்டில் சாய்ந்துகொண்டு கூப்பிடுவதுபோலவே இருந்தது. நிம்மதியாக அந்தப் பக்கம் நடந்தேன். கையில் ஈரமான கம்பி தட்டுப்பட்டது. அது கம்பி வேலி. அதற்கு அப்பால் தரை கிடையாது.

மறுபடி “ஏனுங்க” என்றேன். இடப்பக்கம் யாரோ ஒருவர் “என்னங்கம்மா?” என்றார். தூரத்தில் இன்னொருவர் “ஓய்” என்றார். எந்தெந்த வீட்டு ஆண்களோ, எந்தெந்தப் பெண்டாட்டிக்கோ பதில் சொன்னார்கள். இவர் குரல் மட்டும் இல்லை. அப்போது வேலிக்கு அப்பாலிருந்து, கொஞ்சம் கீழேயிருந்து, “வா” என்று அதே குரல்.

இந்த மனுஷர் ஊரைப் பார்க்கவா வந்தார், இல்லை இதற்குத்தான் வந்தாரா? கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் வாழ்நாளில் முதல் தடவையாக, அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். என் காதுக்கே அது யாரோ கத்துவதுபோல் இருந்தது. எல்லாக் குரலும் நின்றுவிட்டது. இரண்டாவது தடவை கத்த எனக்கு வாய் வரவில்லை.

கம்பியை விடாமல் தடவிக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் என் முழங்கால் சக்கரத்தில் இடித்தது.

அங்கேதான் இருந்தார். இரண்டு கையாலும் வேலிக் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தார். கண்ணை இறுக்க மூடி, பிள்ளைகள் மருந்துக்கு மூடுவதுபோல் வாயையும் மூடியிருந்தார். தோளைத் தொட்டதும் அலறிவிட்டார்.

“நீயா? நெசமா நீதானா?”

“நாந்தானுங்க. பக்கத்துல இருந்துக்கிட்டே ஏனுங்க பதில் சொல்லலை?”

“பேர் சொல்லிக் கூப்புட்டது…”

“பின்ன யாரு, எமன் பொண்டாட்டியா?”

அவர் சிரிக்கவில்லை. கம்பியில் பனி சொட்டுவதைப் பார்த்து, நாக்கை நனைத்துக்கொள்ளத் தானே பிரேக்கை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தாராம். நான் ‘ஏனுங்க’ என்றது எதுவுமே காதில் விழவில்லையாம். பேர் மட்டும்தான் விழுந்ததாம்.

“நீ எம்பேரைச் சொன்னதே இல்லியே புள்ள. ஒரே ஒருக்காக் கேட்டுச்சு. சரி, கூட்டிட்டுப் போக வந்துட்டாங்கன்னு நெனச்சேன். நொம்பப் பயமாப் போச்சு. வரமாட்டேன், வரமாட்டேன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

அந்தக் கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சால்வையைப் போர்த்தி, அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருவரும் அழுதோம். யாராவது பார்த்திருந்தாலும் பனியில் தெரிந்திருக்காது. வேலிக்கு அப்பால் பேசியது யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. டிரைவரிடம் கேட்டேன், அந்தப் பக்கம் கீழே பாதை உண்டா என்று. “பாதையா? பள்ளமுங்க” என்றார்.

இறங்கும்போது பனி குறையவே இல்லை. சேலத்தைப் பார்க்காமலேதான் திரும்பினோம். அடிவாரம் வந்து வெயில் பட்டதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு அந்தப் பச்சை ஸ்வெட்டரை எடுத்து வையி. மிசினு ரூம்ல ஏசி நொம்பக் குளிருது.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு “சரிங்க” என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் டிரைவர் முன்னால் உடைந்து அழுதிருப்பேன்.

இப்போதும் வாரம் மூன்று நாள் போய்வருகிறோம். அந்தப் பேரை நான் மறுபடி சொல்லவில்லை. மாத்திரைக்கு எழுப்பும்போது பழையபடி ‘ஏனுங்க’தான். முதல் கூப்பாட்டுக்கே “என்ன புள்ள” என்றுவிடுகிறார். பேசியது அவர்தானா என்று உதட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் நான் பக்கத்தில் போகிறேன்.