தேள் என்று பெயரெடுத்தவள்

தையல் ஆலையின் மூன்றாவது லைனுக்கு சூப்பர்வைசராக வந்த முதல் வாரம், காலரைக் கோணலாகத் தைத்த ஒருத்தியை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். அன்று திட்டியவளுக்குப் பல்வலி. அது யாருக்குத் தெரியும்? சாயங்காலத்துக்குள் ‘தேள்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பெயரே பாதி வேலையைப் பார்த்தது. அவள் தலை தெரிந்தாலே பேச்சு நிற்கும், மிஷின்கள் வேகமெடுக்கும். டார்கெட்டை முதலில் முடிப்பது அவள் லைன்தான். மேனேஜர் மெச்சியதைப் பார்த்து இரண்டாவது லைன் சூப்பர்வைசரும் கத்தப் பழகினாள். சாதுவான நாலாவது லைன்காரர்கூட மேஜையைத் தட்ட ஆரம்பித்தார். ஆறு வருஷத்தில் மாடி முழுக்க ஒரே கூச்சல்.

ஒருநாள் மதியம் தைத்து வந்த சட்டையில் ரத்தப்பொட்டு. தேடிப் போனால், புதிதாகச் சேர்ந்த பெண் விரலில் துணி சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி உடைந்து விரலுக்குள்ளேயே நின்றிருந்தது.

“எப்போடி ஆச்சு?”

“காலையிலக்கா.”

“வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“இன்னும் பதினஞ்சு பீஸ்தான். முடிச்சிடறேன், திட்டாதீங்கக்கா.”

ஆஸ்பத்திரியில் ஊசித்துண்டை எடுத்தபோதும் அந்தப் பெண் டாக்டரின் கையைப் பார்க்கவில்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்மையாகப் பேசிப் பார்த்தாள். “தேள் சிரிக்குது, யாருக்கோ சீட்டு கிழியப்போவுது” என்று கழிப்பறை வரிசையில் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. கணவரிடம் புலம்பினாள்.

“ஆறு வருஷம் கொட்டிட்டு, ஆறே நாள்ல நல்லவளாகணுமா?” என்றார் அவர்.

அடுத்த வாரம் அவளே அளவு லேபிளை மாற்றிக் கொடுத்துவிட்டாள். முன்பானால் யார் தலையிலாவது கட்டியிருப்பாள்.

“தப்பு என்னோடது. தையலப் பிரிங்க, நானும் ஒக்காந்து பிரிக்கறேன்” என்று லைன் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

அன்று டார்கெட் போயிற்று. மேனேஜர் கிழித்தெடுத்தார். ஆனால் மறுநாள் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். “அக்கா, முப்பது சட்டையில கைய எடம் வலம் மாத்தி வச்சுத் தச்சிட்டேன்.” வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, “வா, பார்க்கலாம்” என்றாள்.

பிறகு ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். லைன் இப்போது முதலாவது இல்லை. ஆனால் இரண்டாவது லைனிலிருந்து இரண்டு பேர் இங்கே மாற்றிவிடச் சொல்லி மேனேஜரிடம் கேட்டிருந்தார்கள். அந்தச் சேதி பரவிய நாளில் இரண்டாவது லைன்காரியின் சத்தம் சற்று இறங்கியிருந்தது. அது எத்தனை நாளைக்கோ என்று, அந்தப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டே இவள் நடந்தாள்.