என் கணவர் கட்டாருக்குப் போன கதை

என் கணவரை ஐஸ் போதையிலிருந்து மீட்க மலைநாட்டுப் பக்கம் ஒரு புனர்வாழ்வு நிலையத்தில் சேர்த்துவிட்டு நான் கல்முனைக்குத் திரும்பி வந்தபோது, எங்கள் தெருவைப் பொறுத்தவரை அவர் கட்டாருக்குப் போயிருந்தார். அனுப்பி வைத்தவர் என் உம்மா. நான் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் விசா, கம்பனி, தங்குமிடம் எல்லாம் உம்மாவின் வாயிலேயே தயாராகி அக்கம்பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன.

"மனிசர்ட முகத்துல முழிக்கணுமே புள்ள. உனக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி. நாளைக்கு அவளுக்கு மாப்புள வேணாமா?" என்றார். மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். காஸ் சிலிண்டரைக்கூடத் தூக்கிக்கொண்டு போய் விற்ற மனிதரோடு மல்லுக்கட்டிக் களைத்திருந்தேன், உம்மாவோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மா நினைத்திருந்தால் அவரை எப்போதோ அவருடைய வீட்டுக்கே துரத்தியிருக்கலாம். துரத்தவில்லை. அதற்காகவே அந்தப் பொய்யைப் பொறுத்துக்கொண்டேன்.

அப்பப்பா, ஒரு பொய்யைக் கட்டிக் காப்பது கைக்குழந்தையை வளர்ப்பதைவிடப் பாடு! "கட்டார்ல இப்ப என்ன நேரம்?" என்று யாராவது கேட்டால் உம்மா ஒரு நாள் நம்மைவிட முந்தி என்பார், மறுநாள் பிந்தி என்பார். அவரைப் பார்க்க நான் மலைநாட்டுக்குப் போகும்போதெல்லாம் கண்டியில் தைரொயிட் கிளினிக் என்று சொல்லிவிட்டுப் போனேன். தெருவே எனக்காகத் துஆச் செய்தது. ஒரு குறையும் இல்லாத என் கழுத்தைத் தடவிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

அந்த நிலையத்தில் பார்க்க வரும் குடும்பங்களை ஒன்றாக இருத்தி ஓர் ஆலோசகர் கதைப்பார். முதல் நாள் என் முறை வந்தபோது, "என்ட மனிசன் ஐஸ் பாவிச்சவர்" என்று சொல்லத் தொடங்கியதுதான் தெரியும். தேம்பித் தேம்பி அழுதேன். அதுவரை அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பக்கத்தில் இருந்தவர் வீரமுனையிலிருந்து தம்பியைப் பார்க்க வந்த ஓர் அக்கா. காகிதத்தில் சுற்றிய கடலைச் சரையை என் மடியில் வைத்து, "அழுங்க தங்கச்சி, இஞ்ச எல்லாரும் அழத்தான் வாற. மறுகா கடலையச் சாப்பிடுங்க" என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் மனது லேசாக இருந்தது.

ஆலோசகர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு. சுற்றி இருப்பவர்களுக்கு விசயம் தெரிந்திருந்தால், பழைய கூட்டாளி வாசலில் வந்து நிற்கும்போது நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். எங்கள் தெருவிலோ அந்த நாலு பேரும் கட்டாரில் என்ன நேரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் வரும் நாள் தெரிந்ததும் உம்மா அக்கரைப்பற்றுக்குப் போய் வெளிநாட்டுச் சொக்லட், சவர்க்காரம், கோடாலித் தைலம் எல்லாம் வாங்கி வந்துவிட்டார். வெளிநாட்டால் வந்தவரைப் பார்க்க ஆட்கள் வருவார்களே! வந்தார்கள். "கட்டார் வெயில் நல்லா ஒத்துக்கிட்டிரிக்கி, வெள்ளையாகிட்டாரே!" என்றார்கள். அவர் வியர்த்து வழிந்தபடி இருந்தார். தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குள் வந்தார்.

"பொய் சொல்றத்தத்தான் அங்க விட்டுட்டு வந்த நான். இப்பிடியே போனா திரும்பவும் அதுக்குள்ளதான் விழுவன்" என்றார். சிலிண்டர் போன நாளில்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

அவர் திரும்பவும் முன் அறையில் போய் இருந்த நேரம் பின்வீட்டு மாமி மகனின் பாஸ்போட் கொப்பியோடு வந்தார். அந்தப் பொடியனும் ஐஸ் பாவிக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். மாமி யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். "மகன், இவனையும் அங்கால எடுத்துடுங்க. இஞ்ச இருந்தா புள்ள அழிஞ்சி போவான்" என்று என் கணவரிடம் கெஞ்சினார்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாமி, நான் கட்டாருக்குப் போகல்ல. ஐஸ் பாவிச்ச நான். அத விடுறத்துக்கு ஒரு இடத்துல இருந்துட்டு வந்திரிக்கன்."

உம்மா "யா அல்லாஹ்!" என்று சோபா செட்டியில் சாய்ந்தார். மாமி பாஸ்போட் கொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்களுக்கும் திடீரென்று வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"இனித் தெருவுல தல காட்ட ஏலுமா?" என்று உம்மா ஒப்பாரி வைத்தார்.

"காட்டுங்க உம்மா! தலய என்ன வெட்டியா போட்டாங்க?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். என் கணவர் மட்டும் சோறு கேட்டு வாங்கி வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாமி குசினிப் பக்கத்தால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சும் பாத்த, அழுதும் பாத்த மகள். அங்க சேக்கிறத்துக்கு என்னகா செய்யணும்?" நான் பதில் சொல்லும் முன்னே என் கணவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பின்வீட்டுக்குப் போனார். முதல் நாள் அவன் கதவையே திறக்கவில்லை. இவர் விடவில்லை, தினமும் போய் வாசலில் இருந்தார். கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அந்த நிலையத்துக்குப் பஸ் ஏறினார்கள், அவனைச் சேர்த்துவிட்டு இவர் திரும்பி வந்தார்.

போன கிழமை வாசலில் மீன்காரரிடம் நானும் உம்மாவும் மீன் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமியும் இருந்தார். தெருக்கோடி வீட்டுப் பெண் ஒருத்தி, "எங்க மாமி, மகனக் காணவே இல்ல? வெளிநாடா?" என்று கேட்டாள். நான் உம்மாவின் வாயைத்தான் பார்த்தேன்.

மாமியே சொன்னார். "இல்ல மகள். ஐஸ விடுறத்துக்குப் போயிரிக்கான். துஆச் செய்ங்க."

உம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "எங்கட மருமகன்தான் கூட்டிட்டுப் போனவர். அவரும் அங்க இருந்துதான் சுகமாகி வந்தவர்."