‘எ ஃபியூ’ என்று எழுதிய சனிக்கிழமை

அந்த ஆஸ்பத்திரியில் அவரைச் சிலிண்டர்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாகப் பின்பக்கத்து ஆக்சிஜன் அறை அவர் பொறுப்பு. சிலிண்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டினாலே நிறைந்ததா, காலியா என்று சொல்லிவிடுவார். ஆனால் கையிருப்பை எழுதும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றால் கை வியர்க்கும்.

முன்பெல்லாம் ஷிஃப்ட் முடியும்போது ‘ஸ்டாக் லோ’ என்று கிறுக்கிவிட்டுப் போவார். கொள்முதலுக்குப் புதிதாக வந்த மேடத்துக்குத் தமிழ் தெரியாது. பலகையைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார். “இங்கிலீஷ்ல முழு வாக்கியமா எழுதணுமாம்” என்று நர்ஸ் வந்து சொன்ன நாளிலிருந்து சிலிண்டர்காரருக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. யார் யாரிடமோ கேட்டு வாக்கியங்களைச் சட்டைப்பைச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை கையிருப்பு ஏழே ஏழு. வார்டில் ஆள் அதிகம். மணிக்கு ஒன்று காலியாகிக்கொண்டிருந்தது. கொஞ்சம்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ‘எ ஃபியூ சிலிண்டர்ஸ் ஆர் லெஃப்ட்’ என்று அழகாக எழுதினார். இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் மனைவி தையல் மெஷின் மேல் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ.

“இதைப் பாருங்களேன். ஒத்தை எழுத்து என்ன பாடு படுத்துது. ‘ஃபியூ’ன்னா அனேகமா இல்லை, கவலைப்படுன்னு அர்த்தமாம். முன்னாடி ‘எ’ போட்டா, ஏதோ இருக்கு, சமாளிக்கலாம்னு அர்த்தமாம்.”

சிலிண்டர்காரர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“திரும்பச் சொல்லு.”

சொன்னார். சிலிண்டர்காரருக்குப் பலகையில் அந்த ‘எ’யையும் சேர்த்து எழுதியது நினைவுக்கு வந்தது. மணி இரண்டே முக்கால். மறுநாள் சப்ளை கம்பெனி லீவு. மேடத்துக்கு போன் போட்டார், பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. மறுபடி போட்டார்; அதேதான். கையைக் கழுவினாரோ இல்லையோ, ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். வழியெல்லாம் ஏழிலிருந்து ஒன்று கழித்து, அதிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தபடியே போனார். ஒன்பது மணிக்கு மேல் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

மேடம் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், ஒன்லி செவன். செவன்” என்றார் மூச்சு வாங்க.

மேடம் பலகையைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது. ‘எ ஃபியூ’ என்று இருந்ததால், திங்கட்கிழமை வந்தால் போதும் என்று இப்போதுதான் கம்பெனியிடம் சொல்லியிருந்தார். உடனே திரும்பக் கூப்பிட்டார், யாரும் எடுக்கவில்லை. சிலிண்டர்களோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும் கம்பெனி லாரி டிரைவர் வண்டி ஓட்டும்போது பேசமாட்டார், நிறுத்தும் இடத்தில் மெசேஜ் மட்டும் பார்ப்பார். அவருக்கும் தமிழ் தெரியாது. சிலிண்டர்காரரை மெசேஜ் அனுப்பச் சொல்லிவிட்டு, டாக்டர்களிடம் விஷயத்தைச் சொல்ல மேடம் மாடிக்கு ஓடினார்.

இருபது சிலிண்டர், நாலு மணிக்குள். ‘ப்ளீஸ் பிரிங் ட்வென்டி’ வரை தட்டிவிட்டார். அதற்கு மேல் விரல் நகரவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

“நாலு மணிக்குள்ளன்னா ‘பை ஃபோரா’, ‘அன்டில் ஃபோரா’?”

“‘பை’ போடுங்க. ‘அன்டில்’ போட்டா நாலு மணி வரைக்கும் கொண்டு வந்துக்கிட்டே இரு, அப்புறம் நிறுத்திடுன்னு ஆயிடும்.”

“நிச்சயமா?”

“நிச்சயங்க. புத்தகம் கையிலதான் இருக்கு.”

“‘இன் ஃபோர்’னு போட்டா?”

“ஐயோ, ‘பை’ போட்டு முதல்ல அனுப்புங்க.”

அனுப்பினார். ‘ஓகே’ என்று பதில் வந்தது. அந்த ஓகேயும் அவரை நிம்மதியாக விடவில்லை. எதற்கு ஓகே என்று டிரைவர் சொல்லவில்லையே. கேட்டருகே நின்று தெருவைப் பார்த்தார். உள்ளே போய் சிலிண்டரின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார். மறுபடி கேட்டுக்கு வந்தார். நாலு மணிக்கு இன்னொரு சிலிண்டரை இணைத்தபோது மிச்சம் ஐந்து.

நாலு இருபதுக்கு லாரி கேட்டுக்குள் திரும்பியது. இருபதையும் அவரே உருட்டி உள்ளே சேர்த்தார். இன்னொருவரைத் தொட விடவில்லை.

வார்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியொன்று நடந்ததே நோயாளிகளுக்குத் தெரியாது. மேடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன் என்று பிறகு மனைவியிடம் சொன்னார்.

திங்கட்கிழமை தயங்கித் தயங்கி, எண்ணை மட்டும் எழுதட்டுமா என்று மேடத்திடம் கேட்டார். அதைத்தான் தானும் சொல்ல நினைத்ததாக மேடம் சொன்னார். வாக்கியம் ஒழிந்தது.

மனைவிக்கு வேலை கிடைத்துவிட்டது. சிலிண்டர்காரருக்கு மட்டும் பயம் விட்டபாடில்லை. வெறும் எண்ணைத்தான் எழுதுகிறார். ஆனாலும் வண்டியைக் கிளப்பிய பிறகு இறங்கிப் போய், ஒன்பதுதானா, ஆறைத் தலைகீழாக எழுதிவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.