ஏழாவது கடையின் படி

போன மாதம் என் அக்கா கோவிந்தம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில் எங்கள் ஊர் வாத்தியார் சுப்ரமணியன் எழுந்து பேசினார். எங்கள் தீவின் கியூர்பிப் நகரில் ஜாக் துரையின் காப்பிக் கடையில் வெறுங்காலோடு போகிறவர்களுக்கும் நாற்காலி கிடைத்தது அந்தத் துரையின் நல்ல மனசால் என்றார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மண்வெட்டி பிடித்த கையால் மூன்று லாரி வாங்கியவன். பொய்யைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. காரிய வீட்டில் சண்டை கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

அக்கா சுயாக் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் கரும்புக்குக் களை எடுத்தவள். காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பாள். அந்தப் பத்து நாளும் காலில் செருப்பு கிடையாது, வாயில் காப்பி கிடையாது. பதினோராம் நாள் ஜாக் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பையில் காப்பி குடித்த பிறகுதான் செருப்பு. கடைக்குத் தீவு முழுக்க ஏழு கிளை. வருஷத்துக்கு ஒன்று, ஏழையும் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்பாள். களை எடுக்கிறவளுக்குச் சீமாட்டி ஆசை என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் எவரும் பக்கத்து ஊர்க் கடையைக்கூடப் பார்த்ததில்லை.

1958இல் சுயாக்கில் தொடங்கி, ஆறு வருஷத்தில் ஆறு கடை. கூட்டிப்போனது என் லாரி. நானும் கூடவே உட்கார்ந்து குடித்தேன். எனக்கும் ஆறு.

ஏழாவது கியூர்பிப். 1964, நல்ல மழை. படியேறியதும் பரிமாறுகிற இவெட் அக்காவின் காலைப் பார்த்தாள். வெறுங்கால்காரர்களுக்குப் பின்பக்க ஜன்னல் என்று கிரியோல் மொழியில் சொன்னாள். மற்ற ஆறு கடையிலும் இல்லாத சட்டம்! எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உள்ளே இருக்கிற அத்தனை நாற்காலியையும் விலைக்கு வாங்குவேன் என்று கத்தினேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்குள் போய்விட்டார்கள். பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தேன்.

"போட்டுக்கக்கா. அஞ்சு நிமிஷந்தானே."

"காப்பி குடிச்சாத்தான் செருப்புன்னு முருகன்கிட்ட சொல்லியிருக்கேன். இவங்களுக்காக மாத்திச் சொல்லட்டுமா?"

ஜன்னலுக்குப் போய் இரண்டு தகரக் குவளையில் காப்பி வாங்கி வந்தேன். அவள் தொடவில்லை. வீணாகிறதே என்று இரண்டையும் நானே நின்றபடி குடித்தேன். அவள் மத்தியானம் வரை படியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீரில் விரதம் முடித்தாள். செருப்பை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமும் போனாள். கூடக் காவடி எடுத்த இரண்டு பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் ஒன்பது பேர். நனைந்த சேலையோடு படியை அடைத்து உட்கார்ந்தார்கள். உள்ளே போகிறவர்கள் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார்கள். ஜாக் துரையே வெளியே வந்து, படி என் சொத்து என்று அக்காவிடம் சொன்னார்.

"படி உங்களுதுதான் துரை. நாங்க கேக்கறது நாற்காலி. குடுத்தா எழுந்துக்கறோம்."

போலீஸைக் கூப்பிட்டார். வந்த போலீஸ்காரர் மழையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இதுதான் சுப்ரமணியன் சொன்ன நல்ல மனசு.

1967இல் இருபது பேருக்கு மேல். லாரி நிரம்பிவிட்டது. நாங்கள் போய் நின்றதும் இவெட் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். வாசல் அடைபடுகிறது, உள்ளேயே விட்டுத்தொலை என்றாராம் துரை. அத்தனை வெறுங்காலும் உள்ளே போனது. லாரியை ஓரம் கட்டிவிட்டு நான் வந்தபோது ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. இவெட் என்னை மரியாதையாக ஜன்னல் பக்கம் போகச் சொன்னாள். போய் நின்றபடி குடித்தேன்.

அக்கா மூன்று வருஷத்துப் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சுயாக் காப்பிதான் நல்லாருக்கு."

ஆகமொத்தம் இரண்டு பேருக்கும் ஏழு முடிந்தது என்றேன்.

"எனக்கு ஏழு. நீ நின்னுதானே குடிச்சே? உனக்கு ஆறுதான் தம்பி."

இந்த வருஷம் சுதந்திரம் வந்தது. அந்த மாதமே கியூர்பிப் கடையை மூடிவிட்டார்கள். சுப்ரமணியன் அவர்களே, அந்த நாற்காலியைத் துரை கொடுக்கவில்லை. என் அக்கா மூன்று வருஷம் ஈரப் படியில் உட்கார்ந்து வாங்கினாள். அதில் ஒரு நாள்கூட நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு ஆறுதான்.