மூன்றாம் நம்பர் ரயில் பாட்டு

பத்து வயதில் எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் ஆங்கிலப் பாட்டில் எது அசல், எது நகல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்தத் திறமையில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. மலேசியாவில், சுங்கை காடுட் என்ற ஊரைத் தாண்டி இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் வேறு யாருக்கும் சந்தேகம் வராதபடியும் பார்த்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் சித்தப்பா. தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டப் போகாமல், தினமும் மோட்டார் சைக்கிளில் சுங்கை காடுட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். நீளமுடி வைத்த நான்கு வெள்ளைக்காரர்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அந்த நால்வரும் பழைய ஆட்களாகிவிட்டார்கள். அவர்கள் பாட்டைப் பாடாத ஆட்களே உலகத்தில் இல்லை என்றும், அத்தனை பேரும் கெடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் சித்தப்பா சொல்வார். கூட வேலை செய்பவர்களிடம் இரவல் வாங்கியும், ராசா என்ற ஊர்ப் பக்கத்துச் சந்தையில் தேடியும் அப்படிக் கெடுக்கப்பட்ட பாட்டுகளைக் கேசட் கேசட்டாகக் கொண்டுவருவார். அவருக்கு நேரம் இருக்காது. கேட்டு மார்க் போடும் பொறுப்பை நானாக எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றில் கோடு போட்டு வைத்திருந்தேன். கத்தல், கித்தார், டிரம் என்று மூன்று கட்டம். நான்காவது கட்டம் அந்த நால்வரின் ரயில் பாட்டுக்கு மட்டும். அதைப் பிறகு சொல்கிறேன். போர்ட்டிக்சன் ஹோட்டல் ஒன்றில் வாசிக்கும் குழு பாடிய ரயில் பாட்டுக்குக் கத்தலில் பத்துக்கு நான்கு கொடுத்தேன். குளித்து, பவுடர் பூசி, தலை வாரிக்கொண்டு பாடியது மாதிரி இருந்தது. அழுக்குச் சட்டை போட்டவன் பாட வேண்டிய பாட்டு அது. மலாய் மொழியில் பாடியவர்களுக்கு டிரம்மில் ஏழு. அவர்களுடைய ரயில் ஒவ்வொரு கம்பத்துக் கிராமத்திலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் போகும். ஆனால் டிரம்காரர் கையில் உயிர் இருந்தது. ராசாவில் வாங்கிய இன்னொரு கேசட்டில் ஒரு பெண் பாடியிருந்தாள். நன்றாகத்தான் பாடினாள். கடைசியில் அழுதுவிட்டாள். ரயிலுக்கு எதற்கு அழுகை? கத்தலுக்கு ஐந்து.

அசல் எங்கள் வீட்டில் இருந்தது. பெட்டியின் மேல் நால்வர் படம் அச்சடித்து, எழுத்தெல்லாம் பளபளவென்று இருக்கும். உள்ளே இருந்த கேசட்டின் மேல் வெறும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பேனாவில் ஏதோ எழுதியிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் வந்த ரயில் பாட்டைக் குறைந்தது ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். குரல் கரகரவென்று, ஏதோ பெரிய சிமெண்டுத் தொட்டிக்குள் நின்று பாடுவதுபோல் எதிரொலிக்கும். இரண்டாவது சரணம் முடிந்து கித்தார் தனியாக ஓடும் இடத்தில், எங்கோ தூரத்திலிருந்து ஒரு மணி கேட்கும். டங்... டங்... டங்... மூன்றே மூன்று அடி. அதைக் கேட்டதும் டிரம்காரர் ஒரு கணம் தடுமாறுவார். பிறகு துரத்திக்கொண்டு யாரோ வருவதுபோல் ஓட்டமெடுப்பார். அவர் பின்னால் மற்ற மூவரும் ஓடுவார்கள். மூச்சிரைக்க ஓடிப் பாட்டு முடியும்.

ரயில் பாட்டில் ரயில் மணி! இப்படி யோசிக்க எத்தனை பெரிய மூளை வேண்டும்! நகல் பாடியவர்களில் ஒருவருக்குக்கூட அந்த மணியைச் சேர்க்கத் தோன்றவில்லை. என் நோட்டில் நான்காவது கட்டத்தின் தலைப்பு 'மணி'. எங்கள் கேசட்டைத் தவிர எல்லோருக்கும் அதில் முட்டை.

வீட்டில் நான் அந்தக் கேசட்டைப் போட்டால் சித்தப்பாவுக்கு மட்டும் எப்படியோ வேலை வந்துவிடும். மோட்டார் செயினுக்கு எண்ணெய் விடவேண்டும் என்று வெளியே போய்விடுவார். வாரத்துக்கு எத்தனை தடவைதான் எண்ணெய் விடுவார் என்று நான் கேட்டதில்லை.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் கிராணியின் மகன் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். கிராணி என்றால் தோட்டத்து ஆபீசுக்கே தலைமை. அவர் தூரத்தில் வந்தாலே லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அவர் மகன் சிரம்பானில் மாமா வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் படித்தான். என்னைவிட மூன்று வயது பெரியவன். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் பந்தாடிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தான்.

"ஏ புள்ள, ஒங்க வீட்டு டேப்பு டூப்பு லா. அசலு எங்கிட்ட இருக்கு. ரெக்கார்டு. இவ்ளோ பெருசு."

"பெருசா இருந்தா அசலா? அப்ப ஒங்கப்பா தொப்பிதான் தோட்டத்துலயே அசலு."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவனுக்குக் காது சிவந்தது.

"அதுல மணியே கெடையாது, தெரியுமா?"

"பாத்தியா? நீயே ஒத்துக்கிட்ட. ஒன்னுதுதான் டூப்பு."

பந்து நின்று போனது. பந்தயம் வந்தது. தோட்டத்து மண்டபத்தில், பெரியவர்கள் முன்னால், திரைக்குப் பின்னால் வைத்துப் பாட்டைப் போடவேண்டும். அசல் எது என்று அவர்கள் சொல்லட்டும். நான் தோற்றால் என் நோட்டு கழிவுப்பால் குழிக்குள் போகும். அதன் பிறகு தோட்டத்தில் நான் பாட்டைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. அவன் தோற்றால் ரெக்கார்டு பெட்டி விடுமுறை முடியும்வரை மண்டபத்திலேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் பாட்டுப் போடலாம். கை அடித்துச் சத்தியம் செய்தோம். அந்த நோட்டில் எழுபது பக்கம் எழுதியிருந்தேன். கணக்கு நோட்டில் பத்துப் பக்கம்கூடத் தாண்டியதில்லை.

நடுவராக மண்டோர் ஐயாவைக் கேட்டோம். தினமும் காலையில் பெரட்டில் நின்று பெயர் கூப்பிட்டு, வெட்டுக்கு ஆள் பிரித்து அனுப்புகிறவர். கேட்டுவிட்டு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "பாட்டுக்குமா பெரட்டு? சரி, ஞாயித்துக்கெழம பகல்ல வச்சிக்குவோம்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. வெட்டு இல்லாத நாள், வெளியே நல்ல வெயில், எங்களை விட்டால் வேறு வேடிக்கை இல்லை. பெண்கள் ஒரு பக்கம் தரையில், ஆண்கள் பெஞ்சுகளில். மகனுக்காகக் கிராணியே மனைவியோடு வந்து முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைலியைச் சேர்த்துக் கட்டித் திரையாக்கி, அதன் பின்னால் ரெக்கார்டு பெட்டியோடும் எங்கள் டேப் ரெக்கார்டரோடும் மண்டோர் ஐயா மறைந்துகொண்டார்.

முதலில் கிராணி மகன் பேசினான். ஸ்டீரியோ என்றான், லண்டன் என்றான். யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை. அடுத்து நான் பெஞ்சின் மேல் ஏறினேன்.

"இது ரயில் பாட்டு. ரயிலு வந்தா மணி அடிப்பாங்க. மணி கேட்டா ஜனம் ஓடும். மணியும் இல்லாம ஓட்டமும் இல்லாம இருந்தா அது ரயில் பாட்டா, தாலாட்டா? நீங்களே சொல்லுங்க."

கைதட்டினார்கள். அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் பேச்சைக் கேட்டுப் பூரித்துப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

ஒன்றாம் நம்பர் ஓடியது. சுத்தமாக, வேகமாக, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி. கேட்ட உடனே அவனுடைய ரெக்கார்டு என்று தெரிந்துவிட்டது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜனங்கள் விசிறிக்கொண்டும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும்தான் இருந்தார்கள். இரண்டாம் நம்பர் ஹோட்டல் பவுடர். ஒருவர் கொட்டாவியே விட்டார்.

மூன்றாம் நம்பர் ஆரம்பித்தது. அந்தக் கரகரப்புக் குரல் வந்ததும் பெண்கள் பக்கத்தில் யாரோ யாரையோ இடித்தார்கள். விசிறிகள் நின்றன. இரண்டாவது சரணம் முடிந்தது. கித்தார் தனியாக ஓடியது. நான் விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

டங்... டங்... டங்...

"யப்பா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து மண்டோர் ஐயாவின் குரல் வந்தது. "ஏய், பால் வண்டி வந்துருச்சு, வாளியத் தூக்குங்கடி!" என்று ஒரு அத்தை கத்தினார். மண்டபம் வெடித்தது. தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். டிரம்காரர் தடுமாறி ஓட்டமெடுத்த இடத்தில் பெஞ்சுகளைத் தட்டி அவரோடு சேர்ந்து ஓடினார்கள். முன் நாற்காலியில் கிராணி மட்டும் சிரிக்கவில்லை. மணி சத்தம் வந்தபோது அவர் கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எதற்குப் பார்த்தோம் என்று தெரியாதவர்போல் கையை இறக்கிக்கொண்டார்.

நான்காவதாக மலாய்ப் பாட்டு ஓடியதை யாரும் கவனிக்கவேயில்லை.

மண்டோர் ஐயா வெளியே வந்து, பெரட்டில் ஆள் எடுப்பதுபோலவே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வழக்கமாக "இருக்கேன்" என்று சொல்கிற இடத்தில் நம்பர் சொன்னார்கள். மூணு. மூணு. மூணு. மூணு. கிராணியின் மனைவி மட்டும் மகனைப் பார்த்துக்கொண்டே "ஒண்ணு" என்றார். கிராணியின் முறை வந்ததும் எல்லோரும் முன் நாற்காலியை எட்டிப் பார்த்தார்கள்.

"மூணு."

"அப்பா! நம்ம ரெக்கார்டு ஒண்ணாம் நம்பர்ப்பா!" என்று அவர் மகன் அலறினான்.

"எனக்குக் காது இருக்குடா," என்றார் கிராணி.

அப்போதுதான் சித்தப்பாவைப் பார்த்தேன். ஞாயிறு ஓவர்டைம் முடிந்து தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தலைக்கவசத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் பெயர் தோட்டத்துப் பெரட்டில் கிடையாது, ஆனாலும் கடைசியாக மண்டோர் ஐயா அவரைக் கூப்பிட்டார்.

"நான் ஓட்டுப் போடக்கூடாதுங்க ஐயா."

"ஏன்டா?"

மண்டபம் மறுபடி சிரித்தது. சொந்தப் பிள்ளைக்கு ஓட்டுப் போட்டால் பேசுவார்கள் என்று நினைக்கிறார், எத்தனை நேர்மை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜெயித்துவிட்டேன்! என்னைத் தோளில் தூக்கி வைத்து லயத்தைச் சுற்றி வந்தார்கள். கிராணி மகன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். பெட்டியை அவனே மண்டபத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, மூன்றாம் நாள் என்னிடம் வந்து அந்த மணிப் பாட்டைப் பதிந்து தரமுடியுமா என்று மெதுவாகக் கேட்டான். பதிந்து கொடுத்தேன். என் நோட்டையும் படிக்கக் கொடுத்தேன். ஜெயித்தவர்கள் தாராளமாக இருக்கலாம்.

அதற்குப் பத்து வருடம் கழித்து, கல்லூரி விடுதியில் ஒருத்தி அந்த நால்வரின் பாட்டுகளைப் புதுத் தட்டில் வாங்கி வந்தாள். ரயில் பாட்டு ஓடியது. சுத்தமாக, வேகமாக. நான் விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தேன். மணி வரவில்லை. டிரம்காரர் தடுமாறவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். அந்த வாரமே வீட்டுக்கு ஓடினேன்.

"ஒனக்கு இப்பதான் தெரியுதா?" என்று அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

அசல் கேசட் வெயிலில் கிடந்து உருகிப்போயிருக்கிறது. அப்போது எனக்கு இரண்டு வயது. சித்தப்பாவும் மூன்று நண்பர்களும் அதே பாட்டைத் தாங்களே பாடிப் பதிந்து, காலிப் பெட்டிக்குள் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்களாம். எல்லோரும் வெட்டுக்குப் போன முற்பகலில், பால் நிறுக்கிற சிமெண்டுக் கொட்டகை காலியாக இருக்கும். அங்கே கூடியிருக்கிறார்கள். குரல் நண்பருடையது, கித்தார் சித்தப்பா. இரண்டாவது சரணம் முடிந்தபோது, பால் எடுக்க வரச்சொல்லி மண்டோர் ஐயா மணியை அடித்துவிட்டார். மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு அது. நான் விவரம் தெரிந்து பார்ப்பதற்குள் அதைக் கழற்றிவிட்டுச் சங்கு வைத்துவிட்டார்கள். மணி கேட்டதும், பால் நிறுக்கக் கிராணி வந்துவிடுவாரே என்று நால்வரும் பாட்டை முடிக்க ஓடியிருக்கிறார்கள். வந்தே விட்டாராம், குடையை ஓங்கிக்கொண்டு. மறுநாளே கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். பாடிய நண்பர் சிங்கப்பூர் போனார். சித்தப்பா அதற்கப்புறம் கித்தாரைத் தொடவில்லை.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அசல் நால்வருக்கும் ஒரு வரி எழுதிச் சேர்த்திருக்கிறேன். கத்தல் ஒன்பது, கித்தார் பத்து, டிரம் ஒன்பது, மணி முட்டை. கூட்டிப் பார்த்தால் இரண்டாவது இடம்.

பந்தயத்தில் ஜெயித்த அன்று தோளிலிருந்து இறங்கியதும் நான் நேரே ஓடியது சித்தப்பாவிடம்தான். அவர் இன்னும் மண்டப வாசலிலேயே நின்றிருந்தார். தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடியைக் கழுத்துவரை இறக்கிவிட்டிருந்தார். நான் அதைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். நிழலில் நிற்கும்போது எதற்குச் சித்தப்பா வெயில் கண்ணாடி என்று, அன்று முழுக்க அவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.