நிற்கிற காரில் திருக்கடையூர்

இன்று வலங்கைமானில் ஏறிய பஸ்ஸில், பக்கத்து சீட் அக்கா போனில் ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார்.

"எங்களுதுதான். சம்பந்தி வீட்டுல கார் எடுத்தாங்க. நாம சும்மா இருந்தா பொண்ணுக்கு அங்க மரியாதை இருக்குமா?"

"அப்புறம் ஏங்க்கா பஸ்ல வர்றீங்க?"

"டியூ கட்டவே சரியாப் போயிடுது. பெட்ரோலுக்கு எங்க போறது? வயலோரமா நிக்குது."

ஆனாலும் சாயங்காலமானால் அவரும் கணவரும் போய் அதில் உட்கார்ந்துகொள்வார்களாம். சாவியைத் திருப்புவதில்லை.

"வெளிய பாத்துட்டே இருப்போம். காத்துல பயிரு அலையலையாப் பின்னால போகும். கொஞ்ச நேரத்துல வண்டி ஓடுற மாதிரியே இருக்கும். நேத்து திருக்கடையூர் வரைக்கும் போயிட்டு வந்தோம்."

ஜன்னலுக்கு வெளியே எனக்கும் பச்சை ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த வயலும் உங்களுதாக்கா?"

"எங்களுதுதான். அத அடமானம் வெச்சுத்தான் கார் எடுத்தோம். திருப்ப முடியலைன்னா வேற யாராவது நடுவாங்க."

போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரு நட்டா என்ன, காத்தடிச்சா ஓடும்ல?"

தவணையில் வாங்கிய என் பைக்குக்கு எதிரே வெறும் சுவர்தான் இருக்கிறது. இன்றைக்குத்தான் அது குறையாகத் தெரிகிறது. உங்கள் வண்டிக்கு எதிரே என்ன இருக்கிறது?