மாமாவின் கட்சிக்குக் குறைந்த இரண்டு ஓட்டு

என் மாமா ஒரு கட்சி வைத்திருந்தார். அது மொத்தம் நான்கு மாதம் உயிரோடு இருந்தது. அது செத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இத்தனை வருடம் கழித்தும் யாரிடமும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். நல்லேப்பிள்ளியிலிருந்து கோபாலபுரம் போகிற சாலையில் அரிசி மில் வைத்திருந்தார். எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற மனிதர். கல்யாண வீட்டுக்குப் போனால், சாம்பாரில் புளி தூக்கல் என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவார். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், அவர் தமிழில் எழுதிக் கொண்டுபோன மனுவை, மலையாளத்தில்தான் வேண்டும் என்று வில்லேஜ் ஆபீசில் வாங்க மறுத்தார்கள். "மூணு தலைமுறையா இங்க நெல்லு வெளையுதுங்க. அது எந்த பாஷையில வெளையுதுன்னு சொல்லிப்போட்டு மனுவைத் திருப்பிக் குடுங்க" என்று மேஜையைத் தட்டிவிட்டு வந்தார். அடுத்த வாரமே மில் வாசலில் கட்சிப் பலகை ஏறிவிட்டது. பெயர் மிக நீளம். எழுதிய பெயிண்டர் இடம் போதாமல் கடைசி எழுத்துகளை ஓரத்தில் நெருக்கியடித்து உட்கார வைத்திருந்தார்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் மாமாவே நின்றார். எதிரே நின்றவர்களில் ஒருவர் ஸ்கூல் மானேஜரின் தம்பி. அந்த ஸ்கூலில்தான் என் அப்பா வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. நிரந்தரமாக்க வேண்டியவர் மானேஜர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார், என் கன்னத்தைக் கிள்ளினார், அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ பேசிவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய மனிதர் நம் வீடு தேடி வந்துவிட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

கட்சி நடத்துவது எப்படி என்று மாமாவுக்குத் தெரியாது. கல்யாணம் நடத்தத் தெரியும். ஆகவே முதல் கூட்டத்துக்கு அவர் கல்யாணத்துக்கு அழைப்பது போலவே அழைத்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய். பக்கத்தில் குங்குமச் சிமிழோடு அத்தை. பங்காளிகள், மாமன் மச்சான்கள், சம்பந்தி வீட்டார் என்று முறை தவறாமல் படியேறினார். ஒரு வீடு விட்டுப்போனாலும் பிறகு குறை சொல்வார்களே. அந்த வீடுகளில் முக்கால்வாசி மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி வழியில் இருந்தன. வார்டுக்காரர்களுக்கு ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. வெற்றிலை வைத்து அழைக்காத விசேஷத்துக்கு அவர்கள் எப்படி வருவார்கள்?

கூட்டத்தன்று மில் களம் கொள்ளவில்லை. மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கினார்கள். மாமா பேசப் பேசக் கைதட்டல். பந்தி பந்தியாகச் சாப்பிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். பெண் மாப்பிள்ளை எங்கே என்று கேட்காததுதான் பாக்கி. அந்தக் கூட்டத்தில் எங்கள் வார்டில் ஓட்டு உள்ளவர்களைத் தேடித்தான் பிடித்திருக்க வேண்டும். மாமா உட்பட யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கோ, மாமா ஜெயித்தாகிவிட்டது.

ஓட்டு எண்ணியபோது மாமாவுக்கு ஐந்து விழுந்திருந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் மாமா வீட்டுக் கூடத்தில் இருந்தோம். "அஞ்சு பேரு நம்மள நம்பியிருக்கறாங்க. இந்தக் காலத்துல அதுவே பெருசு" என்று மாமா சிரித்தார். ஒன்பது வயதில் வகுப்பில் கணக்குக்கு நான்தான் முதல். சும்மா இருக்க முடியுமா? விரல் விட்டு எண்ணினேன். மாமா, அத்தை, அவர்களுடைய இரண்டு மகன்கள், ஒரு மருமகள், அப்பா, அம்மா.

"நம்ம ரெண்டு ஊட்லயே ஏழு ஓட்டு இருக்குதுங்களே மாமா. மிச்சம் ரெண்டு எங்கீங்க போச்சு?" என்று கேட்டேன்.

காப்பி டம்ளர்களை எடுக்கக் குனிந்த அம்மா நிமிரவே இல்லை. அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தார்.

"அதுல ஒண்ணு என்னோட ஓட்டுத்தான் கண்ணு" என்றார். "அவசரத்துல ரெண்டு சின்னத்து மேல முத்திரையைக் குத்திப்போட்டேன். செல்லாமப் போயிருச்சு."

"நானும் அப்படித்தானுங்க. கண்ணாடிய ஊட்லயே வெச்சுட்டுப் போயிட்டேன்" என்றாள் அத்தை. அத்தைக்குக் கண்ணாடியே கிடையாது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. கட்சித் தலைவருக்கே ஓட்டுப் போடத் தெரியவில்லை என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் ஸ்கூலில் சொன்னேன். அது மானேஜரின் ஸ்கூல் அல்லவா? சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நெல் அரைக்க வந்தவர்கள் மாமாவிடமே கேட்டுச் சிரித்தார்கள். யாரையும் பதில் சொல்லாமல் அனுப்பாத மனிதர், "ஆமாங்க, கை தவறிப்போச்சுங்க" என்று ஒவ்வொருவரிடமும் ஒப்புக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் பலகையை இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு வில்லேஜ் ஆபீசுக்கு மனு கொடுப்பதென்றால் மலையாளத்தில் எழுதித் தர ஆள் பிடித்தார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆறுவதில்லை.

அந்த ஜூனில் அப்பாவின் வேலை நிரந்தரமானது. அதையும் காணாமல் போன இரண்டு ஓட்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடம் பிடித்தது. கணக்கில் முதலாக வந்து என்ன பயன்?

பலகை இறங்குவதற்குச் சில நாள் முன்பு, அம்மாவும் நானும் மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தோம். எங்கள் கண் முன்னாலேயே ஒருவர் மாமாவைக் கேலி செய்தார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். திரும்பி வரும் வழியில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அண்ணன் தோற்றதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த விதத்தில் தேற்றினேன்.

"அழுகாதம்மா. மாமா ஓட்டுத்தான் செல்லாமப் போச்சு. நீ மாமாவுக்குப் போட்ட ஓட்டு செல்லுச்சல்ல?"